காலி என்று காட்டிய தெரு

தாலுகா ஆபீஸ் கிளார்க் பிரமநாயகம், மகளின் காதுகுத்துப் போட்டோக்களைச் சக ஊழியர்களுக்குக் காட்டுவதற்காக, ஸ்டுடியோக்காரர் கொடுத்த பென் டிரைவை அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகிய மறுநாள் காலையில், புளியூற்று ஊரின் தென்கோடியிலிருந்த பம்ப்ஹவுஸ் தெரு வெளியாட்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. நாற்பத்து மூன்று வீடுகளும், இரண்டு அடிகுழாய்களும், ஒரு வேப்பமரமும், நூற்றுத் தொண்ணூறு மனிதர்களும், அவர்களுடைய கோழிகளும் இருந்த இடத்திலேயேதான் இருந்தார்கள். தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் ரோட்டோரத்துச் சுண்ணாம்புச் சுவரிலிருந்து பம்ப்ஹவுஸ் வரைக்கும் உடைமரம் முளைத்த வெறும் தரிசு தெரிந்தது.

முதலில் வந்த பால்காரர் சைக்கிளை நேராகத் தரிசுக்குள் விட்டு, ஒன்றுமில்லாத இடத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். பாத்து வாங்க அண்ணாச்சி, சுவரு இருக்கு என்று ஒன்றுமில்லாத இடம் அவரிடம் சொல்லிற்று. அது தெருக்காரன் தளவாயின் குரல் என்று தெரிந்ததால் அவர் பயப்படவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத பாத்திரத்தில் அரை லிட்டரைச் சிந்தாமல் ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து சுண்ணாம்புச் சுவர் ஓரமே நின்று மணியடித்தார்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள மூன்று நாள்கூட ஆகவில்லை. பம்ப்ஹவுஸ் தெருக்காரர்கள் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களைப் பார்க்காமல் இருப்பதில் ஊருக்கு ஏற்கனவே நல்ல பயிற்சி இருந்தது. விடிந்ததும் நகராட்சியின் விளக்குமாறுகள் தாமாகத் தெருக்களைப் பெருக்கின, தள்ளுவண்டிகள் தாமாக வீட்டுக்கு வீடு நின்றன, சாக்கடைக்குள்ளிருந்து மண்வெட்டிகள் கறுப்புச் சேற்றை அள்ளிக் கரையில் வைத்தன, யாரும் நின்று பார்க்கவில்லை. மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டு, குரல் வந்தால் ஆஜர் போட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், காலியான மூன்று பெஞ்சுகளிலிருந்து உள்ளேன் டீச்சர் என்ற சத்தத்தை வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார், ஒழுங்காக உட்கார் என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். குமரேசன் டீக்கடையில் அந்தத் தெருவுக்கென்று தனித்தட்டில் வைத்திருந்த கிளாஸ்கள்தான் சங்கடப்பட்டன. எந்தக் கிளாஸை எந்தக் கை எடுத்தது என்று தெரியாமல் போய், ஒரு வாரத்துக்குள் தட்டுகள் கலந்து, எல்லாக் கிளாஸும் ஒரே வாளியில் கழுவப்பட்டன. குமரேசன் இதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் யாரும் குடிக்க வரமாட்டார்கள் என்று அவர் நினைத்தார்.

என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொண்டவள் முப்பிடாதி. அவளுக்கு முப்பத்துநான்கு வயது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஊரின் அழுக்கை எடுக்கிற வேலை என்றால், அவளுக்கும் அதே வேலைதான், கம்ப்யூட்டருக்குள்ளே. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒன்பது வருஷம் இருந்து, எல்லார் கையிலும் செல்போன் வந்து சென்டர் மூடப்பட்ட பிறகு, இரும்பு வளையத்தில் கோத்த நான்கு பென் டிரைவ்களை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் முழுக்கப் போய்வருவாள். சிவப்பு வைரஸைத் தேடிப் பிடிக்கும். நீலம், சிவப்பு விட்டதைப் பிடிக்கும். கறுப்பு, வைரஸ் ஒளித்து வைத்ததை வெளியே கொண்டுவரும். வெள்ளை, அழிந்துபோனதை எழுப்பும். நான்கிலும் பக்கவாட்டில் ஒரு சிறிய பூட்டு உண்டு, அதைத் தள்ளிவிட்டால் நோய் பிடித்த மெஷினிலிருந்து ஒரு துளிகூட உள்ளே ஏற முடியாது. எதையும் மெஷினுக்குள் குடியேற்ற வேண்டியதில்லை, செருகினால் வேலை செய்யும், உருவினால் வந்துவிடும். அப்படி ஏன் என்று யாராவது கேட்டால், வீட்டுக்குள்ளேயே இருக்கும் காவல்காரனை வைரஸ் முதல் வேலையாகத் தூங்கப்போட்டுவிடும், வெளியிலிருந்து வருகிறவளை அதற்கு அடையாளம் தெரியாது என்று சொல்வாள்.

தாலுகா ஆபீசுக்கு அவள் மூன்று வருஷத்தில் ஐந்து தடவை போயிருக்கிறாள். அங்கே அவளுக்கென்று தனியாக ஒரு கீபோர்டு இருந்தது. பழைய பேப்பரில் சுற்றி இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருப்பார்கள். அவள் வந்ததும் பிரமநாயகம் தன் கீபோர்டைக் கழற்றி எடுத்துக்கொள்வார், பியூன் அவளுடையதை மாட்டுவார், நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவள் நின்றுகொண்டே வேலை பார்ப்பாள், முடிந்ததும் அது மறுபடி பேப்பருக்குள் போகும். அதில் என்டர் கீ இரண்டு தடவை அழுத்தினால்தான் இறங்கும். ஐந்து தடவையும் அவள் அப்படி அழுத்தித்தான் வேலையை முடித்தாள்.

தெரு காணாமல் போன மறுநாள் அவள் அந்த ஆபீஸ் ஜன்னலோரம் போய் நின்று உள்ளே பார்த்தாள். பத்தொன்பது வருஷம் மனுக் கொடுத்து வாங்கிய நாற்பத்து மூன்று வீட்டுமனைப் பட்டாக்கள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. கையில் காகிதம் ஒன்றும் தரவில்லை, எல்லாம் ஏற்றியாகிவிட்டது, வேண்டும்போது எடுத்துத் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். திரையில் பம்ப்ஹவுஸ் தெரு பட்டா என்று எழுதிய மஞ்சள் உறையின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சார், இது ஷார்ட்கட் வைரஸ். உள்ள இருக்கிறத ஒளிச்சு வச்சிட்டு வாசல்ல பொய்யா ஒரு கதவ மாட்டியிருக்கு. அரை மணி நேரம் குடுங்க, எடுத்துத் தாரேன்."

பிரமநாயகம் குரலை அடையாளம் கண்டுகொண்டு, ஜன்னலுக்குச் சற்று மேலே சுவரைப் பார்த்துப் பேசினார். "ஃபோல்டர் காலின்னு காட்டுது. காலின்னா காலிதானே."

"டிரைவ் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பாருங்க சார். காலியா இருந்தா இவ்வளவு கனம் எப்படி வரும்?"

அவர் பார்த்தார். கனம் அப்படியே இருந்தது. ஆனால் வைரஸ் என்று ஒத்துக்கொண்டால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும், காதுகுத்து வரைக்கும் போகும். தாசில்தார் உத்தரவில்லாமல் வெளியாள் மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். முன்பு ஐந்து தடவையும் அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதில்லை.

அவள் தெருவுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னபோது, அவள் எதிர்பார்த்த கோபம் அங்கே இல்லை. அதற்குள் தெரு வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. யாரும் பார்க்காதபோது எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் அது. பெண்கள் நகராட்சிப் பூங்காவின் சிமெண்டு பெஞ்சுகளில் போய்ச் சாய்ந்தார்கள். இளவட்டங்கள் மேலத்தெருக் கிணற்றில் நீந்தினார்கள், கரையில் நின்றவர்கள் தண்ணீர் தானாகத் தெறிப்பதைப் பார்த்து, மீன் பெருத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். ஆடி மாதத் தேரோட்டத்தில், எப்போதும் தேர் நிலைக்கு வந்த பிறகு தெருவைக் கூட்டுவதற்கு மட்டும் கூப்பிடப்பட்டவர்கள், அந்த வருஷம் வடத்தில் கை வைத்தார்கள். நூறு பேர் கூடப் பிடித்ததால் மத்தியானம் நிலைக்கு வரவேண்டிய தேர் பத்து மணிக்கே வந்துவிட்டது. அம்மனுக்கு இந்த வருஷம் அவசரம் என்று குருக்கள் சொன்னார், ஊர் ஒப்புக்கொண்டது.

அதனால் தேர் முடிந்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டபோது தளவாய் எழுந்து நின்று, இப்படியே இருந்துவிடலாம் என்றான். சாக்கடை அள்ளுகிறவர்களின் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன்.

"நம்மளப் பாத்தவன் என்னைக்கு நமக்கு நல்லது செஞ்சான், சொல்லு தங்கச்சி. இப்பத்தான் நிம்மதியா நடக்கோம். நீ போயி அந்த வைரஸ எடுக்கேன்னு இதக் கெடுத்துராத. வேணும்னா அதுக்கு ஒரு மாலை போட்டுட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நாமளா ஒளிஞ்சிருந்தா நெனச்சப்ப வெளிய வரலாம்ணே. இது நம்மள ஒருத்தன் ஒளிச்சு வச்சிருக்கான். அவன் கையில இருக்கோம். நாளைக்கு அவன் ஒரு பட்டனத் தட்டுனா நாம இல்ல."

அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிவாக்கில் பிரமநாயகம், தானே மெஷினைச் சுத்தப்படுத்திப் பார்க்கலாம் என்ற துணிச்சல் வந்து, காலியாக இருந்த ஃபோல்டருக்குள் வைரஸ் ஒளித்ததில் நிழல்போல மங்கலாகத் தெரிந்த ஒரே ஒரு ஃபைலைக் கண்டார். இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டிலீட்டைத் தட்டினார். நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றார்.

அது முப்பத்தோராம் எண் வீடு. அந்த வீட்டுச் செல்லக்கனி அப்போது அடிகுழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பினால், முப்பதாம் எண்ணுக்கும் முப்பத்திரண்டாம் எண்ணுக்கும் நடுவில் மண் தரை இருந்தது. வெளியாட்களுக்கு மட்டுமல்ல, தெருக்காரர்களுக்கே தெரியவில்லை. கையை நீட்டினால் சுவரில் இடிக்கவில்லை. அடுப்பில் இருந்த குழம்பின் வாசனைகூட இல்லை. செல்லக்கனி கூப்பாடு போடவில்லை. குடத்தை இறக்காமல் அந்த மண் தரையைச் சுற்றி ஒரு தடவை நடந்து, தன் அடுப்பு இருந்த இடம் எது என்று கணக்குப் பார்த்து, அங்கே போய் நின்றாள்.

முப்பிடாதி ஓடி வந்தாள். பார்த்தவுடனே அவள் செல்லக்கனியிடம் சொன்னது ஒன்றுதான்.

"மதினி, இந்த எடத்துல யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது. ஒரு செங்கல்லு, ஒரு கல்லு, ஒண்ணும். அழிச்சது ஒடனே போயிறாது. அதுக்கு மேல வேற எதயாவது எழுதுனாத்தான் போகும். நான் வார வரைக்கும் எடத்த விட்டுராதீங்க."

"நான் எங்க போவப் போறேன்," என்று செல்லக்கனி சொல்லிவிட்டு, அடுப்பு இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சாப்பாடு அங்கே வந்தது, தூக்கம் அங்கே வந்தது. தெருக்காரர்கள் முறை வைத்து அந்த வெற்றிடத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், காய்ந்த வேப்பிலை விழுந்தால்கூடப் பொறுக்கி அப்புறம் போட்டார்கள். தளவாய்தான் முதல் ஆளாக உட்கார்ந்தவன். மாலை போடுவதைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் பலகையில் அறிவிப்பு வந்தது. பம்ப்ஹவுஸ் அருகில் பயன்பாடின்றிக் கிடக்கும் காலி இடம் நகராட்சியின் குப்பைக் கிடங்குக்காக ஒதுக்கப்படுகிறது, திங்கட்கிழமை சமப்படுத்தும் பணி தொடங்கும் என்று அதில் இருந்தது. அதே திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆள் வந்து கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யப்போகிறார் என்பதைப் பியூன் டீக்கடையில் சொல்ல, காற்று கேட்டுக்கொண்டு வந்து தெருவில் சொன்னது. ஃபார்மட் என்றால் என்ன என்று தளவாய் கேட்டான். நோய் வந்த வீட்டில் நோயை மட்டும் எடுக்கத் தெரியாதவன் வீட்டை இடித்துவிட்டுச் சுத்தமாயிற்று என்பான், அதுதான் என்று முப்பிடாதி சொன்னாள்.

அவள் தனியாகப் போய் யாருக்கும் தெரியாமல் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கலாம். யார் கண்ணுக்கும் தெரியாதவளுக்கு அதைவிடச் சுலபமான வேலை இல்லை. தளவாயும் அதைத்தான் சொன்னான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. செல்லக்கனியோடு பத்துப் பேர் இங்கே இருங்கள், மற்றவர்கள் குளித்து, நல்ல துணி உடுத்தி என்னோடு வாருங்கள், ஆபீஸ் நேரத்தில் வாசல் வழியாகப் போவோம் என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நூற்றெண்பது பேர் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் மழை வருவதுபோல் வந்து நின்றது. மனு வாங்கும் ஜன்னலுக்கு வெளியே இத்தனை வருஷம் நின்றவர்கள் உள்ளே இருந்த ஒவ்வொரு நாற்காலியிலும், பெஞ்சிலும், ஃபைல் கட்டுகள் வைக்கும் முக்காலியிலும் உட்கார்ந்தார்கள், இடம் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்தார்கள், தளவாயின் அம்மா தாசில்தார் அறைக்குள் போய், டவல் போர்த்திய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தாசில்தார் இன்னும் வந்திருக்கவில்லை.

முப்பிடாதி பிரமநாயகத்தின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"எந்திரிங்க சார்."

அவர் குரலை அறிந்துகொண்டார். எழுந்திருக்கிறோம் என்று தெரியாமலே எழுந்தும்விட்டார். தாசில்தார் வரட்டும், பதினோரு மணிக்கு ஆள் வருகிறார், நீ இப்படி எல்லாம் செய்யக்கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய நாற்காலி தானாக முன்னால் நகர்ந்தது. அவருடைய கீபோர்டில் எழுத்துகள் தாமாக அமுங்கத் தொடங்கின. அவர் பழக்கத்தில் அலமாரிக்குப் போய்க் குனிந்து, அடித்தட்டிலிருந்து பேப்பர் சுற்றிய கீபோர்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் நெட் வயரை உருவினாள். மெஷினை அணைத்து, அவசியமானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் எழுப்பினாள். சிவப்புப் பென் டிரைவின் பூட்டைத் தள்ளிவிட்டுச் செருகினாள். இருபத்தைந்து நிமிஷம் அது தேடியது. ஆபீசுக்குள் நூற்றெண்பது பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, பிரமநாயகம் ஃபேன் என்று நினைக்க முயன்றார். காதுகுத்துப் போட்டோக்களின் நடுவில் உட்கார்ந்திருந்த வைரஸைச் சிவப்பு பிடித்து எடுத்தது. மஞ்சள் உறை மூலையிலிருந்த அம்புக்குறி போயிற்று, பொய்க்கதவும் போயிற்று, ஃபோல்டரே இல்லாமல் போயிற்று. இந்த இடத்தில்தான் தெரியாதவர்கள் எல்லாம் போய்விட்டது என்று பயந்து ஃபார்மட் செய்வார்கள். அவள் கறுப்பைச் செருகி, ஒளித்து வைத்ததையெல்லாம் வெளியே விடு என்று ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் எந்திரிக்காதீங்க. எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க," என்றாள்.

என்டரை ஒரு தடவைதான் அழுத்தினாள். பிரமநாயகத்தின் கீபோர்டில் அது ஒரே தடவையில் இறங்கியது.

பம்ப்ஹவுஸ் பக்கத்தில் ஜேசிபி ஓட்டிவந்தவர், தரிசில் வண்டியின் கையை இறக்கப்போகும்போது எதிரே நாற்பத்திரண்டு வீடுகளும் கொடியில் சேலைகளும் நிற்பதையும், ஒரு கோழி வண்டிக்குக் குறுக்கே போவதையும் பார்த்து எஞ்சினை நிறுத்தினார் என்று பிறகு சொன்னார்கள். வீடுகளுக்கு நடுவே ஒரு மண் தரையில் பெண் ஒருத்தி குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளைச் சுற்றிச் சுவர் வந்தது, கூரை வந்தது, குழம்பு வாசனை வந்தது. அது, கறுப்புக்கு அடுத்து முப்பிடாதி செருகிய வெள்ளைப் பென் டிரைவின் வேலை. அழிந்த ஃபைலின் மேல் யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை, அதனால் அது முழுசாக வந்தது, ஃபைலின் பெயர் மட்டும் வரவில்லை. அதனால் அந்த வீடு கதவில் எண் இல்லாமல் வந்தது. செல்லக்கனி கரித்துண்டால் முப்பத்தொன்று என்று தானே எழுதிக்கொண்டாள், எழுதிவிட்டு வெளியே வந்து, வண்டியத் திருப்பிட்டுப் போப்பா, பிள்ளைக நடக்கிற எடம் என்று ஓட்டுநரிடம் சொன்னாள்.

ஆபீசுக்குள் ஊழியர்கள் தங்கள் நாற்காலிகளில் எல்லாம் ஆட்கள் இருப்பதைப் பார்த்தார்கள். தினமும் தங்கள் தெருவைக் கூட்டுகிற முகங்கள்தான், ஆனாலும் ஒரு முகத்துக்குக்கூட அவர்களால் பெயர் சொல்ல முடியவில்லை. வாசலில் வந்து நின்ற தாசில்தார் தன் அறையைப் பார்த்தார், சுழல் நாற்காலியில் இருந்த கிழவியைப் பார்த்தார், யார் நீங்களெல்லாம் என்று கேட்டார்.

"பம்ப்ஹவுஸ் தெரு," என்று தளவாய் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னான். "பட்டா வாங்க வந்திருக்கோம். காகிதத்துல."

பிரிண்டர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாக வந்தது, பெயர் கூப்பிடப்பட்டது, கை மாறியது. முப்பத்தோராவது தாளைத் தளவாய் செல்லக்கனிக்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பதினோரு மணிக்கு மாவட்டத்திலிருந்து வந்த ஆள், கையில் சி.டி. உறையோடு வாசலில் நின்று, இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

பிரமநாயகம் இன்னும் அந்தப் பேப்பர் சுற்றிய கீபோர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் மேஜையோரம் நின்றார். தன் நாற்காலியில் முப்பிடாதி இருப்பதை அவரால் இப்போது நன்றாகப் பார்க்க முடிந்தது. அதைக் கொஞ்சம் நீட்டினார்.

"அத நீங்களே வச்சிக்கிடுங்க சார்," என்றாள். "இனி உங்களுக்குத்தான் வேண்டியிருக்கும்."

அவள் நீலப் பென் டிரைவை வளையத்திலிருந்து கழற்றிச் செருகினாள். சிவப்பு விட்டதை நீலம் பிடிக்கும். இரண்டாவது தடவை தேடாமல் அவள் எந்த மெஷினை விட்டும் போனதில்லை. இன்னும் நாற்பது நிமிஷம் என்று திரை காட்டியது. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.